பிக்கப் வண்டிக்கு ஃபிஃப்த் வீல் ஹிட்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெக்சஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகருக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் தெருவில், இரண்டு வீடு தள்ளி ஒரு தம்பதி இருக்கிறார்கள். இருவருக்கும் வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு வருடத்தில் ஐந்தாறு மாதம் ட்ரெய்லரிலேயே வாழ்ந்து ஊர் சுற்றுவது அவர்களுடைய நெடுநாள் திட்டம். அந்த ட்ரெய்லரைப் பிக்கப்போடு பிணைக்கும் ஹிட்சைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் நடந்த தவறும், பிறகு அதைச் சரிசெய்த விதமும்தான் இங்கே பதிவாகிறது. அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாமல் எழுதுகிறேன். எடை போட்டபோதும் அளவெடுத்தபோதும் நான் கூடவே இருந்தேன். முதல் ஹிட்ச் வாங்கியதும் விபத்து நடந்ததும் அவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவை.

ஃபிஃப்த் வீல் என்றால் என்ன என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு எளிய வழி உண்டு. துறைமுகச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரியைப் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் வண்டியின் முதுகில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும். ட்ரெய்லரின் அடியிலிருந்து கிங்பின் என்ற தடித்த முளை கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அது அந்தத் தட்டின் வாய்க்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். இதே ஏற்பாட்டைச் சிறிதாக்கி பிக்கப்பின் பின்தொட்டிக்குள் வைத்தால் அதுதான் ஃபிஃப்த் வீல் ஹிட்ச். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைத்தார்கள். நான்கு சக்கரத்தோடு ஐந்தாவதாக அது சேர்ந்ததால் வந்த பெயர் இது.

பம்பருக்குக் கீழே உருண்டையில் மாட்டி இழுக்கும் ட்ரெய்லரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலில் அது 15 முதல் 25 சதவீதம். இந்த எடை பின் அச்சுக்கு நேர் மேலேயோ ஓரிரு அங்குலம் முன்னாலோ உட்காருவதால் வண்டி ஆடாமல் நிதானமாகப் போகும். அதனால்தான் பெரிய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். ஆனால் எவ்வளவு நிதானமாகப் போனாலும் அந்த எடையைச் சுமப்பது பிக்கப்தான்.

வண்டி 'முக்கால் டன்' என்று வழக்கில் அழைக்கப்படும் வகை டீசல் பிக்கப். நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம், ஆறரை அடிப் பின்தொட்டி. வண்டியும் சுமையும் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 10,000 பவுண்டு, ஏறக்குறைய 4,536 கிலோ. ட்ரெய்லர் 31 அடி நீளம், 8 அடி அகலம். காலியாக 8,680 பவுண்டு, சுமையோடு அதிகபட்சம் 11,000. காலி ட்ரெய்லரில் கிங்பின் மேல் இறங்கும் எடை 1,540 பவுண்டு என்று விளம்பர ஏடு சொன்னது.

முதல் தேர்வு

ட்ரெய்லரை விற்ற நிலையமே ஹிட்சையும் பொருத்திக் கொடுத்தது. 20,000 பவுண்டு தாங்கும் என்று முத்திரையிட்ட, நகராத வகை ஹிட்ச். தொட்டியின் தரையில் இரண்டு தண்டவாளம் வைத்து, அவற்றை வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கி, அதன் மேல் உட்காரவைத்தார்கள். தண்டவாளத்தோடு சேர்த்து எடை 130 பவுண்டு. கட்டுமானத்தில் ஒரு குறையும் இல்லை, நல்ல பொருள்தான்.

அங்கே அவர்களுக்கு மூன்று காரணம் சொல்லப்பட்டது. இந்த வண்டி 15,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும். கிங்பின் எடை 1,540தான், வண்டியின் சுமை அளவோ 2,380, ஆகவே நிறைய இடம் இருக்கிறது. ட்ரெய்லரின் மூக்கு வளைவாகச் செதுக்கப்பட்டிருப்பதால் குட்டைத் தொட்டியிலும் 90 டிகிரி திரும்பலாம்.

மூன்றும் பொய்யில்லை. ஒவ்வொன்றிலும் பாதிதான் சொல்லப்பட்டது. இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு. விளம்பர ஏட்டின் கிங்பின் எடை, தண்ணீரும் துணியும் பாத்திரமும் ஏறாத காலி ட்ரெய்லருடையது. வளைந்த மூக்கு எவ்வளவு உதவும் என்பது அந்த வண்டியில் ஹிட்ச் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அதை யாரும் டேப் வைத்து அளக்கவில்லை.

விபத்து

இரண்டாவது பயணத்தில், அமரில்லோ பக்கம் ஒரு முகாமிடத்தில் இருட்டும் நேரம். ஒதுக்கப்பட்ட இடத்துக்கு ட்ரெய்லரைப் பின்னால் தள்ளி விட வேண்டும், வழியோ குறுகல். கணவர் ஓட்டினார். மனைவி ட்ரெய்லரின் பின்பக்கம் நின்று கை காட்டினார். ஒரு கூர்மையான கோணத்தில் திருப்பியபோது ட்ரெய்லரின் முன் மூலை பிக்கப் கேபினின் பின் மூலையில் முட்டியது. பின்கண்ணாடி நொறுங்கிப் பின் இருக்கையில் கொட்டியது. அந்த இருக்கையில் அவர்கள் நாய் படுத்திருந்தது. நல்லவேளை, அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. ட்ரெய்லரின் மூக்கில் கையளவு விரிசல்.

வேகம் நடைவேகத்தைவிடக் குறைவு. ஆனால் இவ்வளவு எடை நகரும்போது அந்த வேகமே போதும். இருவருடைய கண்ணும் பின்னால் இருந்தது. மோதல் நடந்த இடமோ ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், சில அடித் தொலைவில்.

அளவெடுத்தபோது தெரிந்தது

வீடு திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் டேப் எடுத்தோம். ஹிட்சின் மையத்திலிருந்து கேபினின் பின்சுவர் வரை 40 அங்குலம். ட்ரெய்லரின் அகலம் 96 அங்குலம், அதில் பாதி 48. வண்டியும் ட்ரெய்லரும் செங்கோணத்தில் நிற்கும்போது ட்ரெய்லரின் பக்கச்சுவர் கிங்பின்னிலிருந்து 48 அங்குலம் கேபின் பக்கம் வரும். இருப்பதோ 40. மிச்சம் 8 அங்குலத்தை மூக்கின் வளைவு ஈடுகட்ட வேண்டும். வளைவு மூலையில்தான் இருந்தது. அதைத் தாண்டிச் சுவர் நேராகப் போனது. எட்டடித் தொட்டி உள்ள பிக்கப்பில் ஹிட்சுக்கும் கேபினுக்கும் நடுவே இன்னும் ஓரடிக்கு மேல் கிடைக்கும், அங்கே இந்தப் பேச்சே எழாது.

அப்போது அந்த அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "இடிக்குமா என்று இப்போது பார்க்கிறோம். தாங்குமா என்று யாராவது பார்த்தார்களா?" இந்த ஆய்வின் திருப்பமே அந்தக் கேள்விதான். நகரும் வகை ஹிட்ச் ஒன்று வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால், தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். இந்த வண்டிக்கு 2,380 பவுண்டு, ஏறக்குறைய 1,080 கிலோ. ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி இது மாறும். டீசல் எஞ்சின், நான்கு சக்கர ஓட்டம், பெரிய கேபின் என்று ஒவ்வொன்றும் இந்த எண்ணிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். அதனால் மாடலுக்கான பொது அட்டவணையைப் பார்ப்பதைவிட அந்த வண்டியின் கதவைத் திறந்து பார்ப்பதே சரி.

கணக்குப் போட்டோம். ஆட்கள் இருவரும் 340, நாய் 60, தொட்டியில் இருந்த கருவிப்பெட்டி 90, ஹிட்ச் 130. மொத்தம் 620. மிச்சம் 1,760. ஏட்டில் இருந்த 1,540 இதற்குள் அடங்குகிறதுதான். ஆனால் உண்மையான கிங்பின் எடை எவ்வளவு?

எடை மேடை

நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றையும் தனித்தனியாக எடை போட்டு ஒரு சீட்டு தருவார்கள். கட்டணமும் சொற்பம்தான். பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, டீசல் நிரப்பி, இருவரும் நாயும் உட்கார்ந்து, இரண்டு தடவை எடை போட்டோம். ட்ரெய்லரோடு ஒரு தடவை, ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தடவை.

வண்டி மட்டும்: முன் 4,720, பின் 3,520, மொத்தம் 8,240.

ட்ரெய்லரோடு: முன் 4,780, பின் 5,520, ட்ரெய்லர் அச்சுகள் 8,080.

இரண்டாவதில் வண்டியின் இரு அச்சிலும் சேர்ந்து 10,300. அதிலிருந்து 8,240 போனால் 2,060. அதுதான் நிஜமான கிங்பின் எடை. ஏட்டில் சொன்னதைவிட 520 பவுண்டு கூடுதல். ட்ரெய்லரின் மொத்த எடை 10,140, அதில் கிங்பின் பங்கு 20 சதவீதம் சொச்சம். வண்டி தன் அனுமதி எடையைவிட 300 பவுண்டு கூடுதலாகச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

கணவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது. பின் அச்சு 6,200 தாங்கும், இப்போது 5,520தான். டயர் ஒவ்வொன்றும் 3,640 தாங்கும். பின் ஸ்பிரிங் நன்றாகத்தான் நிற்கிறது. அச்சு அளவைத் தாண்டாதவரை கவலையில்லை என்று சொல்லும் ஆட்கள் இங்கே நிறைய. நான் அதை ஏற்கவில்லை. மொத்த எடை அளவு என்பது பிரேக், சட்டம், ஸ்டியரிங் எல்லாவற்றையும் சேர்த்துத் தயாரிப்பாளர் கைப்பட எழுதிக்கொடுத்த எண். அதில் நமக்குப் பிடித்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு நாள் கழித்து அவரே வந்து, 10,000க்குள் கொண்டுவந்துவிடுவோம் என்றார்.

அலசிய வழிகள்

இப்போது கேள்வி இரண்டாகிவிட்டது. கேபின் இடிக்கக்கூடாது, எடையும் இறங்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், முதலாவதைத் தீர்க்கும் ஹிட்ச் பெரும்பாலும் கனமானது.

கையால் நகர்த்தும் ஹிட்சில் ஒரு நெம்புகோலை இழுத்துவிட்டு, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து வைத்து, வண்டியை மெதுவாக முன்னால் எடுத்தால் ஹிட்சின் தலை 12 அங்குலம் பின்னுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். 40 அங்குலம் 52 ஆகும். 48க்கு மேல் 4 அங்குலம் மிச்சம். இருக்கிற தண்டவாளத்திலேயே உட்காரும். தண்டவாளத்தோடு 230 பவுண்டு, அதாவது பழையதைவிட 100 கூடுதல். பின்னுக்கு நகர்த்திய நிலையில் சாலையில் ஓட்டக்கூடாது. எடை அச்சுக்குப் பின்னால் போனால் முன் சக்கரத்தின் பிடி குறையும்.

தானாக நகரும் வகையில் இறங்க வேண்டிய வேலையே இல்லை, வண்டி திரும்பும்போது அதுவாகப் பின்னுக்குப் போகும். கணவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் மனம் முதலில் இதில்தான் போனது. ஆனால் அவர்கள் பார்த்த மாடல் இன்னும் கனம், விலை கையால் நகர்த்துவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். கிங்பின் திரும்பாமல் பிடித்துக்கொள்ள ட்ரெய்லர் பக்கமும் ஒரு தகடு பொருத்தியாக வேண்டும்.

ட்ரெய்லரின் கிங்பின் பெட்டியையே மாற்றி, திரும்பும் புள்ளியைப் பின்னுக்குத் தள்ளுவது இன்னொரு வழி. அப்படிச் செய்தால் ட்ரெய்லர் சட்டத்தின் மேல் விழும் நெம்புவிசை மாறும். சட்டத்தைத் தயாரித்தவரிடம் எழுத்துமூலம் சம்மதம் வாங்காமல் இதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அலுமினியத்தில் செய்த, உருண்டையில் உட்காரும் இலகு ஹிட்ச் எடைக்கு நல்ல மருந்து. ஒரு ஆளே தூக்கி வெளியே வைக்கலாம். ஆனால் தொட்டியின் நடுவே கூஸ்நெக் எனப்படும் இழுவை உருண்டைக்கான அடித்தகடு வேண்டும், இந்த வண்டியில் அது கிடையாது. தவிர 12 அங்குலம் நகராது. எட்டடித் தொட்டி வைத்திருந்தால் இதைத்தான் வாங்கியிருப்பார்கள்.

முடிவும் காரணமும்

கையால் நகர்த்தும் ஹிட்சையே எடுத்தார்கள். நெம்புகோலை அம்மையார் இழுப்பது என்று பேசி முடிவானது. அதற்கு வேண்டியது பலமில்லை, பொறுமை. தாங்குதிறன் விஷயத்தில் 20,000 வகையே போதும் என்று விட்டோம். 25,000 என்று முத்திரை இருந்தால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் 10,000 பவுண்டு ட்ரெய்லருக்கு அதனால் பயன் இல்லை, கூடுதல் இரும்பையும் வண்டிதான் சுமக்க வேண்டும். எண்ணைவிட, எஸ்.ஏ.இ. ஜே2638 என்ற சோதனைத் தரப்படி சோதித்ததா என்று கேட்டு வாங்கினோம்.

எடை குறைக்கும் வேலை முழுக்க அம்மையாருடையது. குளியலறைத் தராசை ட்ரெய்லருக்குள் கொண்டுபோய் ஒவ்வொரு அலமாரியாக எடை போட்டு நோட்டில் எழுதினார். ஃபிஃப்த் வீலில் படுக்கையறை முன்னால், கிங்பின்னுக்கு மேலே இருக்கும். அதன் அடியில்தான் பெரிய சாமான் அறையும். கனமான எதையும் அங்கே திணிப்பதுதான் எல்லோருக்கும் வழக்கம், அது நேராகப் பிக்கப்பின் தலையில் விடியும். முன் அலமாரியில் 150 பவுண்டு வாஷிங் மெஷின். சாமான் அறையில் 120 பவுண்டு ஜெனரேட்டர், அது முந்தைய பயணங்களில் ஒரு தடவைகூட ஓடவில்லை. கூடுதலாக வாங்கிய பேட்டரி 70. புத்தகம், டின் உணவு, இரும்புச் சட்டி, கம்பளம் எல்லாம் சேர்ந்து 220. ஆக 560 பவுண்டு வீட்டோடு நின்றது. பிக்கப்பின் கருவிப்பெட்டியும் 90லிருந்து 30 ஆனது.

நடுவில் ஒரு யோசனை வந்தது. நன்னீர்த் தொட்டி ட்ரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் அதை நிரப்பி வைத்தால் முன் எடை குறையுமே என்று. கணக்குப்படி சரிதான். ஆனால் தண்ணீர் செலவாகச் செலவாக அந்தக் கணக்கு மாறிவிடும் என்பதால் விட்டுவிட்டோம்.

பொருத்திய பிறகு

மறுபடி மேடை. வண்டி மட்டும் 8,280. ட்ரெய்லரோடு முன் 4,760, பின் 5,160, மொத்தம் 9,920. கிங்பின் எடை 1,640. ட்ரெய்லர் மொத்தம் 9,580, அதில் 17 சதவீதம். 10,000க்கு இன்னும் 80 பவுண்டு பாக்கி. அது பெரிய இடைவெளி இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

ஹிட்சின் உயரம் சரிசெய்யவும் ஒரு பொழுது ஆனது. நான்கு சக்கர ஓட்ட வண்டிகள் உயரமானவை. ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் தொட்டியின் பக்கச்சுவர் மேல்விளிம்புக்கும் நடுவே 6 அங்குலமாவது இருக்க வேண்டும். முதலில் 5தான் இருந்தது. ஒரு துளை ஏற்றி 6 தாண்டியது.

பிறகு ஒரு காலி மைதானத்தில் பழகினோம். அங்கேதான் நான் மறக்க முடியாத ஒன்று நடந்தது. ட்ரெய்லரைக் கொஞ்சம் உயரமாக வைத்துவிட்டு கணவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது, பூட்டுக் கைப்பிடியும் உள்ளே போனது போலத் தெரிந்தது. எல்லாம் சரி என்று ட்ரெய்லரின் முன் கால்களைத் தூக்கப் போனார். அம்மையார் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. கிங்பின், அதைக் கவ்விப் பூட்டும் தாடைக்குள் போகாமல் தாடையின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்படியே கிளம்பியிருந்தால் முதல் மேட்டில் ட்ரெய்லர் நழுவித் தொட்டியின் பக்கச்சுவரில் விழுந்திருக்கும். ஃபிஃப்த் வீல் உலகத்தில் அடிக்கடி நடக்கும் விபத்து இது.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். ட்ரெய்லரின் தட்டு ஹிட்ச் தட்டைவிட அரை அங்குலமாவது தாழ்வாக இருக்க வேண்டும், அப்போது தட்டு சரிந்து ஏறிப் பொருந்தும். பூட்டிய பிறகு டார்ச். அப்புறம் ட்ரெய்லரின் கால்கள் தரையில் ஊன்றியபடியே, ட்ரெய்லர் பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியால் முன்னுக்கு ஒரு இழு. பிடித்தால்தான் காலைத் தூக்குவது. கழன்றால் பிரேக் போடும் அவசரக் கம்பியை ஹிட்சில் மாட்டாமல் தொட்டியில் மாட்டுவது, ஏனென்றால் ஹிட்சே பிடுங்கிக்கொண்டு போனால் கம்பியும் கூடவே போய்விடும்.

பயணம்: அமரில்லோ, டால்ஹார்ட், கிளேட்டன் வழியாக ராட்டன் கணவாய் ஏறி கொலராடோ. கணவாயின் உயரம் 7,834 அடி. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கே பெரும்பாலும் போதுமாக இருந்தது என்றார். ஆறு வாரத்தில் ஹிட்சைப் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது மூன்றே தடவை. மூன்றிலும் அம்மையார் இறங்கி நெம்புகோலை இழுத்துவிட்டு, அதன்பிறகு ட்ரெய்லரின் பின்பக்கம் போகாமல் கேபின் மூலைக்கு அருகிலேயே, வண்டி மோதாத தூரத்தில் நின்றார். கையில் வாக்கி டாக்கி.

மறுபடி செய்தால்

வரிசையைத் தலைகீழாக்குவோம். அவர்கள் ட்ரெய்லரை முதலில் பிடித்து, ஹிட்சைக் கடைசியில் விற்ற நிலையத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள். முதலில் இருக்கிற வண்டியை ஆட்களோடும் டீசலோடும் மேடையில் ஏற்றி எடை போட வேண்டும். அனுமதி எடைக்கு எவ்வளவு பாக்கி என்று அப்போது தெரிந்துவிடும். அதில் ஹிட்சுக்கு 200 முதல் 250 ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கிங்பின் எடையாக வைத்துக்கொண்டு ட்ரெய்லர் தேட வேண்டும். ஏட்டின் காலி எடையை நம்பாமல், ட்ரெய்லரின் அதிகபட்ச எடையில் 20 சதவீதம் என்று வைத்துப் பார்த்தால் ஏமாற்றம் இருக்காது. இவர்கள் ட்ரெய்லருக்கு அது 2,200. அந்தக் கணக்கை முதல் நாளே போட்டிருந்தால் இந்த வண்டிக்கு இந்த ட்ரெய்லரை வாங்கியிருக்க மாட்டார்கள்.

கேபின் இடைவெளியை யார் என்ன சொன்னாலும் டேப் வைத்துத்தான் நம்ப வேண்டும். ட்ரெய்லரின் பாதி அகலத்தைவிட ஹிட்ச்-கேபின் தூரம் குறைவென்றால் குட்டைத் தொட்டிக்கு நகரும் ஹிட்ச்தான் என்று நான் முடிவு செய்துவிடுவேன்.

இதில் தம்பதிக்குள் ஒருமித்த கருத்து இன்னும் வரவில்லை. இதைவிடப் பெரிய 'ஒரு டன்' வகை பிக்கப் வாங்கியிருக்க வேண்டும் என்கிறார் கணவர். 26 அடி ட்ரெய்லரே போதுமாயிருந்திருக்கும் என்கிறார் அம்மையார். குளிர்காலத்தில் அரிசோனா போகிறார்கள், கிளம்பும் முன் மறுபடி மேடையில் ஏற்றுவதாக இருக்கிறார்கள். வாஷிங் மெஷின் கராஜில் கிடக்கிறது. மிச்சமுள்ள 80 பவுண்டுக்குள் எதை எடுத்துப் போவது என்ற பட்டியல் அம்மையாரின் நோட்டில் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது.